நாலு சீட்டு விமானம்

பெருந்துறையில் பழைய விமானம் வாங்கி விற்பவள் நான். பழையது என்பது பேச்சுக்குத்தான். பாதி விமானங்கள் வாங்கிய சூட்டோடு என்னிடம் வந்துவிடும். தெய்வசிகாமணி கொண்டுவந்ததில் சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. மூக்கில் பூஜை போட்ட சந்தனப் பொட்டு அப்படியே இருந்தது.

“எஞ்சின்ல ஏதாவதுங்களா?” என்றேன்.

“எஞ்சின் தங்கமாட்டம் இருக்குதுங்க. சீட்டுதான் நாலு.”

மகளுக்குப் பழனியில் காதுகுத்து. முதல் நடையில் மனைவி, மகளோடு தன் அக்காவை ஏற்றிப் போயிருக்கிறார். அடுத்த நடைக்குள் பெருங்காற்று கிளம்பிவிட்டது. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் இங்கேயே நின்றுவிட்டார். முகூர்த்தம் தப்பிப்போய், குழந்தை குத்தாத காதோடு திரும்பியது.

“எங்கண்ணன விட்டுப்போட்டு இவுங்கக்காவக் கூட்டிட்டுப் போனா, அவரு சும்மா இருப்பாருங்களா?” என்றாள் கூட வந்திருந்த தெய்வசிகாமணியின் மனைவி சிவகாமி. “இத வித்தாத்தான் காதுகுத்துக்கு வருவேன்னுட்டாருங்க.”

விலை பேசி முடித்துச் சாவியை வாங்கினேன். வாசலில் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. உள்ளே இரண்டு பக்கத்துச் சொந்தமும் சாப்பாட்டு அண்டாக்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. முன்சீட்டில் தாய்மாமன், மடியில் குழந்தை. பழனிக்கு இன்னும் வெகுதூரம். இப்போதே இறுகப் பிடித்திருந்தார்.

“வித்தாச்சுங்க மச்சான்!” என்று தெய்வசிகாமணி கத்தியதும் பஸ்ஸே குலவை போட்டது.

தாய்மாமன் என்னைப் பார்த்துக் கையசைத்தார். “நீங்களும் ஏறுங்க அம்மணி, எடமிருக்குது!”

இடமே இல்லை. ஏறிக்கொண்டேன்.