கடல் பார்த்த அறை

"படுக்க முன்னமே பாய்க்குக் காசு கேக்கான் புள்ள! என்னக் கள்ளனெண்டா நினைச்சிருக்கான்?"

மதராசிலிருந்து வந்த கடிதத்தைச் சீனிமுகம்மது தறிக்கு மேலே வீசினார்.

மருதமுனை நெசவாளர் சங்கம் புதுத் தறிகளைப் பார்த்து வர மதராசுக்கு அனுப்பும் முதல் ஆள் அவர்தான். தங்குவதற்குக் கடற்கரைப் பக்கம் சின்ன லொட்ஜ் ஒன்றுக்கு எழுதிக் கேட்டிருந்தார். பத்து ரூபா அச்சாரம் வந்தால்தான் அறை என்று பதில் வந்திருந்தது.

"பத்து ரூபாதானே. அனுப்பினா என்ன?" என்றாள் மனைவி ஸுலைஹா.

"காசில்ல கதை. இருவது வருசமா சாரன் நெய்யிறன். ஒருத்தருக்கிட்டயாவது அச்சாரம் வாங்கியிருக்கனா? கல்முனைக் கடைத்தெருவில என்ட வாய்ச்சொல்லுக்குக் கட்டுக்கட்டா நூல் தாறானுகள். வாங்காதவன் குடுக்கவும் மாட்டன்."

"அது கல்முனை. மதராசில உங்கள ஆருக்குத் தெரியும்?"

"தெரிய வைக்கிறன் பாரு."

அன்றே பதில் எழுதினார். 'நான் மருதமுனைச் சீனிமுகம்மது. வருவேன் என்றால் வருவேன். என் சொல்தான் அச்சாரம்.'

ஸுலைஹா நாட்களை எண்ணிப் பார்த்தாள். அறை உறுதி என்ற கடிதத்தைக் கண்ட பிறகுதான் சங்கம் டிக்கட் எடுக்கும். இந்த மாதத்துக்குள் அது வராவிட்டால் பயணம் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். அடுத்த பெயர் பக்கத்து வீட்டு றஸாக். 'வீம்பால பயணத்தத் துலைச்ச மனிசன்' என்று றஸாக் காலமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

மறுநாள் தபால்காரன் மஜீட்டை வேலியோரம் கூப்பிட்டாள்.

"தம்பி, மதராசுக்கு ஒரு மணிஓடர் போகோணும். வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடா."

"என்ன றாத்தா, களவா?"

"ஓம், களவுதான். வாய மூடிட்டு அனுப்பு."

நூல் சுற்றிச் சேர்த்த பத்து ரூபாவோடு ஒரு கடிதத்தையும் கொடுத்தாள். ஓதப்பள்ளியில் மட்டும் படித்த அவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அரபு எழுத்தில்தான் தமிழை எழுதுவாள். லொட்ஜ்காரரின் பெயர் அபுல் ஹஸன். அவர் வீட்டிலும் இப்படி வாசிக்கிற பெண் ஒருத்தி இல்லாமலா போவாள்?

'இந்தக் காசு வந்தது என் கணவருக்குத் தெரிய வேண்டாம். அவர் வாடகையை முழுதாகத் தருவார். வாங்கிக்கொண்டு, இதை எனக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்' என்று எழுதியிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் சீனிமுகம்மதுவுக்குப் பதில் வந்தது. 'அறை தயார். வரவும்.'

அந்தக் கடிதத்தைக் கல்முனைக் கடைத்தெரு முழுக்கக் காட்டிவிட்டுத்தான் அவர் வீட்டுக்கு வந்தார்.

"பாத்தியா புள்ள? ஒரு சதம் குடுக்கல்ல! மருதமுனைக்காரன்ட சொல்லுக்கு மதராசில அறை!"

"ஓம், பாத்தன்" என்றாள் ஸுலைஹா.

பயணத்துக்கு முதல் நாள் பெட்டியில் சாரன்களை அடுக்கும்போது அவள் மெல்லக் கேட்டாள். "இஞ்சாருங்க, லொட்ஜ் கடலுக்குக் கிட்டயாமே. அந்தக் கடலும் நம்மட கடல் மாதிரித்தானா?"

"கடலப் பாக்க ஆரும் மதராசுக்குப் போவாங்களா? வேலியத் தாண்டினாக் கடல்! நான் தறி பாக்கப் போறன்" என்று சிரித்தார்.

அவள் பெட்டியை மூடினாள்.

மட்டக்களப்பில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர், மூன்று கிழமையில் திரும்பினார். கதை கேட்க அயல் முழுதும் கூடிவிட்டது.

"லொட்ஜ்காரர் வாசலுக்கே வந்து கையப் புடிச்சாரு. அச்சாரத்தப் பத்தி ஒரு கதையில்ல! சொல்லுதான் காசு. விளங்கிச்சா றஸாக்?"

"விளங்கிச்சு, விளங்கிச்சு. இத்தோட நாலாந்தரம் சொல்றாய்" என்றார் றஸாக்.

சொல்லும்போது சீனிமுகம்மது ஒரு முறை குசினிப் பக்கம் பார்த்தார். ஸுலைஹா குனிந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். சிரிப்பை மறைக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆனால் பத்து ரூபா திரும்பி வரவில்லை. ஒரு கிழமை போனது. இன்னொரு கிழமையும் போனது.

"மணிஓடர் ஒண்டும் இல்ல றாத்தா. சீனிமுகம்மது காக்கா சொன்னது சரிபோல. பாயில படுக்காமலே உங்கட காசு போயிட்டு" என்றான் மஜீட்.

ஸுலைஹாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

மூன்றாம் கிழமை அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. உறையை உதறிப் பார்த்தாள். காசு இல்லை. அரபு எழுத்தில் ஒரு தாள் மட்டும் இருந்தது.

'மகளே, நான் அபுல் ஹஸனின் தாய் சபூறா. உன் கடிதத்தை மகனுக்கு வாசித்துச் சொன்னது நான்தான். அவன் கவனமில்லாமல் அதை மேசையிலேயே போட்டுவிட்டான். வந்த அன்றே உன் கணவர் அதைக் கண்டு, இது என் வீட்டுக்காரியின் எழுத்து என்று கையில் எடுத்துவிட்டார். அங்கேயே உட்கார்ந்து, எழுத்துக் கூட்டிக் கூட்டி முழுதும் வாசித்தார். தான் கண்டது உனக்குத் தெரியக்கூடாது என்று என் மகனிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். வாக்குக் கொடுத்தது அவன். நான் கொடுக்கவில்லை.

உன் பத்து ரூபாவை அனுப்பாததற்குக் கோபிக்காதே. அது அச்சாரமாக இங்கேயே இருக்கட்டும் என்று உன் கணவர் சொல்லிவிட்டார். வருகிற வருடத்துக்கு, இரண்டு பேருக்கு, கடல் பார்த்த அறை.'