பருந்து தூக்கிப்போன கதை

கோழி சொன்ன கதை கோழிக்கே வினையாகிவிட்டது. பேச்சுக் கேட்காத குஞ்சைப் பருந்து தூக்கிப்போன கதையைக் காலையில் சொன்னாள். பிள்ளைகள் பயப்படட்டும் என்றுதான் சொன்னாள். மூத்தவன் பொட்டன் கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு உயரம் தூக்கிட்டுப் போச்சும்மா?"

இப்போது அவன் விறகுக் குவியலின் உச்சியில் நிற்கிறான். மேலே பருந்து வட்டமடிக்கிறது. மற்ற ஏழும் இறக்கைக்குள் ஒண்டியிருக்க, அவற்றை விட்டு ஏறவும் கோழிக்கு வழியில்லை.

"எறங்குடா! வயித்தைக் கிழிச்சிரும்!"

"அது கடைசியிலதானேம்மா. முதல்ல பறக்கலாம்ல?"

"மேகத்துக்கு மேல கொண்டுபோய்க் கொத்தித் தின்னும்டா, பாவி!"

"மேகத்துக்கு மேலேயா!" பொட்டன் எம்பிக் குதித்தான். "மாமா, இங்க இருக்கேன்!"

பருந்தின் வட்டம் சுருங்கியது. இதைவிடப் பயங்கரமாக என்ன சொல்வதென்று கோழிக்குத் தெரியவில்லை. தவித்தாள்.

இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு கத்தல் கேட்டது. "ஐ, கறையான்! அம்புட்டும் எனக்குத்தான்!"

"எனக்கும்டி!" என்று பொட்டன் உருண்டு புரண்டு இறங்கி இறக்கைக்குள் பாய்ந்தான். பருந்தின் கால் வெறும் விறகைப் பிறாண்டிவிட்டுப் போனது.

கத்தியது, காலையில் கதை நடந்தபோது அசந்து தூங்கிப்போன கடைக்குட்டி வெள்ளச்சி.