கேட்டோரக் கஞ்சிக்கடை

“அடுப்பை இங்கேயே போடு. வாசம் நேரா அவ மூக்குல போய் ஏறணும்.”

ரப்பர்த் தோட்டத்துக் குடியிருப்பின் முள்வேலிக் கேட்டுக்கு உள்பக்கம் மயிலம்மாள் காட்டிய இடத்தில், தம்பி முருகையா கற்களை இறக்கினான்.

“நீ யாவாரம் பண்ணப் போறியா, பழி வாங்கப் போறியாக்கா?”

“ரெண்டுந்தான்லா.”

கேட்டில் பெண்களைச் சோதிப்பவள் நீலாவதி. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்பது சர்க்கார் உத்தரவு. ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்துப் பார்த்து, இரட்டை முடிச்சுப் போட்டுத் திருப்பிக் கொடுப்பாள்.

மயிலம்மாளின் மகள் லெட்சுமி, பிள்ளைத்தாச்சி. போன மாதம் அவள் மடியில் மறைத்திருந்த சோற்றையும் நீலாவதி சாக்கடையில் கொட்டினாள். வெறும் வயிற்றோடு பால்மரம் வெட்டிப் பாலெடுக்கப் போனவள் மயங்கி விழுந்தாள். கரு தங்கவில்லை.

“சோத்தைத்தானே வெளிய கொண்டு போகக் கூடாது? வயித்துல போட்டுக்கிட்டுப் போனா எவ புடுங்குவா?” என்றாள் மயிலம்மாள். “ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டாரட்டும். விறகு, உப்பு, கைவேலை நம்மது. கூலி சம்பளத்தன்னிக்கு. தொரைகிட்ட உத்தரவும் வாங்கிட்டேன்.”

“பங்கீட்டு அரிசி பத்தலைன்னா?”

“மாரியாத்தா பாத்துக்குவா. ஆனா அவளுக்கு மட்டும் ஒரு சொட்டு கிடையாது. மோந்துக்கிட்டே நிக்கட்டும்.”

கடை சூடு பிடித்தது. பழிக்கு மூட்டிய அடுப்பானாலும் பசிக்கு உதவத்தான் செய்தது. ஆனால் நாள் ஆக ஆகப் பிடி அரிசி சுருங்கியது. கஞ்சி தண்ணீராக ஓடியது.

“மூடிடலாங்கா” என்று முருகையா சொன்ன மறுநாள் விடியலில், வீட்டு வாசலில் ஒரு துணி முடிப்பு கிடந்தது. இறுகிக் கிடந்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். உள்ளே அரிசி! கோயில் இருந்த திசையைக் கும்பிட்டு உலையில் போட்டாள். அதன்பிறகு தினமும் வந்தது.

கேட்டில் நின்ற நீலாவதியோ வரவர மெலிந்து, கன்னம் ஒட்டிப் போனாள். மயிலம்மாளுக்கு வயிறு குளிர்ந்தது.

ஒருநாள் கூட்டம் கலைந்ததும் நீலாவதி தயங்கித் தயங்கி அடுப்பருகே வந்தாள். இதற்காகத்தானே காத்திருந்தாள் மயிலம்மாள்! பானையை மூடி, மூடிமேல் அகப்பையை வைத்தாள்.

“உனக்கு ஒரு சொட்டு கிடையாதுடி. போ!”

நீலாவதி தலை நிமிரவில்லை.

“கஞ்சி வேணாங்கா. அந்தத் துணிங்களைக் குடுத்துடுங்க, நாளைக்கு அரிசி கட்ட வேற துணி இல்ல.”