தேடியவர் கையெழுத்து

"பிடிவாரண்ட் இல்ல, கைதான பதிவும் இல்ல. உங்க வீட்டுக்காரர் பேர்ல ஒரு தூசிகூடக் கிடையாதும்மா" என்றார் நீதிமன்றப் பதிவறை எழுத்தர்.

அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. கல்யாணமாகி இருபது நாள்கூட ஆகவில்லை. தையல் கடைக்குப் போவதாக அவனிடம் பொய் சொல்லிவிட்டு வந்ததை நினைத்து வெட்கப்பட்டாள்.

"அவர் பேருக்கான தேடல் அட்டையில கையெழுத்துப் போடுங்க. யார் வந்து தேடினாலும் பேரும் உறவும் எழுதணும். அது இங்க வழக்கம்."

பேனாவை எடுத்தவள் அப்படியே நின்றாள். ஏற்கெனவே இரண்டு பெண்கள் வெவ்வேறு வருடங்களில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். உறவு என்ற கட்டத்தில் இருவருமே 'மனைவி' என்று எழுதியிருந்தார்கள்.

"எனக்கு இதுதான் முதல் கல்யாணம்னாரே! இவங்க இப்ப எங்க சார்?"

எழுத்தர் அட்டையை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"ரெண்டு பேரையும் பெத்தவங்க, மகளைக் காணோம்னு இதே ஜன்னல்ல வந்து அழுதாங்கம்மா."

கைப்பையில் செல்போன் அதிர்ந்தது. கணவனிடமிருந்து ஒரு செய்தி.

'தேடி முடிச்சாச்சா? கோர்ட் வாசல்லதான் நிக்கிறேன்.'