பக்கத்து வண்டி இரைச்சல்

"அந்த ஜெனரேட்டர் சனியனைக் கொஞ்சம் நிறுத்தக் கூடாதா? பேசறது காதுல விழல!"

டார்லா தன் கேரவன் வாசலில் நின்று கத்தினாள். வெல்டா பதறிப்போய் ஓடி வந்தாள்.

"மன்னிச்சுக்குங்க டார்லா. பகல்ல பேட்டரி ஏறினாத்தான் ராத்திரி இவரோட ஆக்சிஜன் மெஷின் ஓடும்."

டார்லா கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெல்டாவும் கணவர் கிளைடும் அரிசோனா பாலைவனத்துக்கு வந்து மூன்று நாள்தான் ஆகிறது. மிச்சிகன் பனி கிளைடின் நுரையீரலுக்கு ஆகவில்லை. குளிர்காலம் முடியும்வரை வறண்ட காற்றில் இருக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். இங்கே குளிருக்குத் தப்பி வந்தவர்களின் நாற்பது கேரவன்கள் நிற்கின்றன. இடத்துக்கு வாடகை கிடையாது, கரன்ட்டும் கிடையாது. அவரவர் பாடு அவரவருக்கு. வெல்டாவிடம் இருந்ததோ, புயலில் கரன்ட் போனால் வீட்டுக்கு ஆகுமென்று என்றைக்கோ வாங்கிப் போட்ட ஜெனரேட்டர். ஓட ஆரம்பித்தால் டிராக்டர் தோற்றது.

மாலை நாலு மணிக்கு எல்லாரும் ஆளுக்கொரு மடக்கு நாற்காலியோடு வந்து வட்டமாக உட்காருவார்கள். அன்றைக்கு அந்த வட்டம் வெல்டாவின் வண்டியை விட்டு இருநூறு அடி தள்ளிப் போய் உட்கார்ந்தது. வெல்டா வண்டிக்குள் போய் அழுதாள்.

"கிளம்பிடலாமா?" என்றார் கிளைட்.

"எங்க போறது? இங்க வந்தப்புறம்தான் நீங்க மூச்சு வாங்காம ரெண்டு வார்த்தை பேசறீங்க."

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பாலைவனமே அதிர்ந்தது.

பக்கத்து வண்டி நார்பர்ட், லாரி எஞ்சின் மாதிரி ஒரு ஜெனரேட்டரை வெளியே இறக்கி ஓட்டிக்கொண்டிருந்தார். வெல்டாவுடைய ஜெனரேட்டர் ஓடுகிறதா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை!

"இத்தனை நாள் சாதுவாத்தானே இருந்தார்? அந்த மனுஷனுக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சு?" என்று டார்லா வெல்டாவிடமே வந்து கேட்டாள். சாயங்காலம் வட்டத்தில் வெல்டாவுக்கு இடம் போட்டுக் கொடுத்தார்கள். 'கடவுளே, என்னைவிட மோசமா ஒரு ஆளை அனுப்பினியே, உனக்கு நன்றி' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள் வெல்டா.

அப்புறம் பத்து நாள் அவரைத் திட்டுவதுதான் வட்டத்தில் பேச்சு. வெல்டாவும் தன் பங்குக்குத் திட்டினாள்.

இதற்கிடையில் புது ஜெனரேட்டர் வாங்கப் பணம் தேறிவிட்டது. "இதுதான் இருக்கறதுலேயே சத்தம் கம்மி" என்று சின்ன மாடல் ஒன்றின் படத்தை வட்டத்தில் காட்டினாள் வெல்டா.

அந்தப் பக்கம் வந்த நார்பர்ட் எட்டிப் பார்த்தார். "இதை வாங்காதீங்க. பெட்டியில போட்டிருக்கற சத்தக் கணக்கு, கால்வாசி லோடுல ஓட்டி எடுத்தது. ஆக்சிஜன் மெஷின், ஃப்ரிட்ஜ், பேட்டரி சார்ஜர் எல்லாத்தையும் மாட்டினா இது அலறிடும். ஒரு சைஸ் பெருசா வாங்குங்க. அது அலட்டிக்காம ஓடும்."

"அட, ஊரையே செவிடாக்கினவர் அமைதியைப் பத்திப் பாடம் எடுக்கறார்!" என்றாள் டார்லா. எல்லாரும் சிரித்தார்கள். வெல்டாவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

ஆனாலும் வாங்கியது பெரியதைத்தான். மறுநாள் காலை எல்லாவற்றையும் மாட்டி ஓட்டினாள். நார்பர்ட் வண்டிப் பக்கம் அன்று இன்னும் சத்தம் கிளம்பியிருக்கவில்லை. அருகே நின்று பேசினால் பேச்சுத்தான் கேட்டது, ஜெனரேட்டர் கேட்கவில்லை. டார்லா கை தட்டினாள். கிளைட் ஜன்னல் வழியே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

வெல்டாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. மூன்று தட்டு சோள ரொட்டி சுட்டு, ஒவ்வொரு வண்டியாகப் போய், "இத்தனை நாள் பொறுத்துக்கிட்டீங்களே, ரொம்ப நன்றி" என்று கொடுத்தாள். நார்பர்ட் வண்டியை மட்டும் விட்டுவிட்டாள். இரைச்சல் போட்டவருக்கு எதற்கு நன்றி?

"உங்களது அடங்கிடுச்சு. இனி அவரையும் ஒண்ணு வாங்கச் சொல்லுங்க. நீங்க சொன்னா எடுபடும்" என்று டார்லா கிளப்பிவிட்டாள். கடைக்காரர் கொடுத்த விலைப்பட்டியலை எடுத்துக்கொண்டு, நிமிர்ந்த தலையோடு போய்க் கதவைத் தட்டினாள் வெல்டா.

நார்பர்ட்டின் மனைவி எட்னா திறந்தாள்.

"உங்க ஜெனரேட்டர் விஷயமா ஒரு யோசனை சொல்லலாம்னு வந்தேன்..."

"அதுவா? இப்பத்தான் வேன்ல ஏத்திக்கிட்டுப் போனார், என் தம்பிகிட்ட திருப்பிக் கொடுக்க. தம்பி வீடு கட்டிக் கொடுக்கறவன். அவன் வேலை நடக்கற இடத்துல ஓடறது அது."

"அப்ப உங்களுக்குக் கரன்ட்?"

"கூரைமேல சோலார் இருக்கே. அள்ளிக் கொடுக்கற அளவுக்கு வராது, எங்க ரெண்டு பேருக்கு வரும். எட்டு வருஷமா நாங்க ஜெனரேட்டரே வச்சுக்கிட்டதில்ல."

வெல்டாவுக்குப் புரியவில்லை. "அப்புறம் எதுக்கு அதைக் கொண்டு வந்து பத்து நாளா ஓட்டினார்?"

எட்னா சொல்லத் தயங்கினாள். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னார். அன்னைக்கு நாற்காலியெல்லாம் தள்ளிப் போச்சே, அதைப் பார்த்துட்டு அவருக்குச் சாப்பாடே இறங்கல. 'புருஷன் மூச்சு விடறதுக்கு அந்தம்மா தினம் ஊர்கிட்ட மன்னிப்புக் கேட்கணுமா? திட்டறவங்க என்னைத் திட்டட்டும்'னு போய் அதை எடுத்துக்கிட்டு வந்தார்."