பல் டாக்டரின் முதுகு

"மறுபடியும் அதே முதுகு." போனை மேஜை மேல் பொத்தென்று வைத்தாள் அட்மின்.

அந்தத் தொண்டு நிறுவனத்தின் ஃபேஸ்புக், இன்ஸ்டா பக்கங்களை அவள்தான் பார்த்துக்கொண்டாள். சம்பளம் கிடையாது. அட்மின் என்ற பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

மாதத்துக்கு ஒரு நிகழ்ச்சி. மளிகைப் பை, போர்வை, பள்ளிக்கூடம் திறந்தால் புத்தகப் பை என்று ஏதாவது கொடுப்பார்கள். எந்தப் படத்தை எடுத்தாலும் நட்டநடுவே பல் டாக்டர். சொந்தமாக க்ளினிக் வைத்திருக்கிறவர். ஆளும் நல்ல வாட்டசாட்டம். ஓரமாக நின்று கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? கேமராவுக்கும் வாங்குகிறவர்களுக்கும் குறுக்கே சுவர் மாதிரி வந்து நின்றுகொள்வார்.

தள்ளி நில்லுங்கள் என்று அவள் தொண்டை வறளக் கத்துவாள். "ஓ, சாரிம்மா" என்று அரை அடி நகர்வார். அடுத்த ஆள் வந்ததும் பழையபடிதான்.

க்ளினிக்குக்கு ஓசி விளம்பரம் தேடுகிறார் என்று மற்ற தொண்டர்கள் சிரித்தார்கள். முதுகைக் காட்டிப் பல்லுக்கு விளம்பரம் செய்கிற ஒரே ஆள் இவர்தான் என்று அவளும் சேர்ந்து சிரித்தாள்.

ஆனால் சிரித்தால் மட்டும் ஆயிற்றா? முகம் தெரியாத படத்துக்கு யார் லைக் போடுவார்கள்? புதிதாக ஒரு தொண்டர்கூடச் சேரவில்லை; இப்படியே போனால் கடையைக் கட்ட வேண்டியதுதான். தலைவரிடம் மல்லுக்கு நின்று சம்மதம் வாங்கினாள். டாக்டரிடம் சொல்லும் வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது.

இனி நிகழ்ச்சிகளுக்கு வரவேண்டாம் என்று போனில் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப என் இடத்துல யாரும்மா நிப்பாங்க?"

இந்த வயதில் இப்படி ஒரு இட ஆசையா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதெல்லாம் ஆள் இருக்காங்க சார்" என்று போனை வைத்துவிட்டாள்.

அந்த மாதம் புத்தகப் பை. குறுக்கே யாரும் இல்லை; படங்கள் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தன. அதிலும் ஒன்று, தையல் வேலை செய்கிற ஓர் அம்மாவும் எட்டாவது படிக்கிற மகளும். பையை நெஞ்சோடு அணைத்தபடி, கண் கலங்கி நிற்கிறாள் மகள். 'ஏழ்மையின் ஆனந்தக் கண்ணீர்' என்று எழுதிப் போட்டாள் அட்மின். லைக் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் பகிர்ந்தார்கள்.

சூட்டோடு சூடாக அவர்களை ஒரு வீடியோவும் எடுத்துவிடலாம் என்று அடுத்த வாரமே வீடு தேடிப் போனாள்.

ஒற்றை அறை. ஜன்னலோரம் தையல் மிஷின், தரையெல்லாம் வெட்டுத் துணி. பள்ளிக்கூட நேரத்தில் மகள் வீட்டில் இருந்தாள். இவளைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த அம்மா கோபப்படவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். பிறகு பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத பையை எடுத்துவந்து இவள் மடியில் வைத்தாள்.

"இதை எடுத்துக்கோம்மா. அந்தப் படத்தை மட்டும் எங்களுக்குத் திருப்பிக் குடுத்துடு."

வகுப்புப் பிள்ளைகள் அந்தப் படத்தைப் போனில் காட்டிக் காட்டிச் சிரித்தார்களாம். அன்றிலிருந்து மகள் பள்ளிக்கூடம் போகவில்லையாம்.

அட்மின் அங்கேயே போனை எடுத்துப் படத்தை அழித்தாள். தன் பக்கத்தில்தான் அழிக்க முடிந்தது. போன இடத்திலெல்லாம் அது இருந்தது. கூனிக் குறுகிப்போனாள். அப்போதும் மனது ஒரு சாக்கைத் தேடியது.

"வேணாம்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. கேமரா இருக்கும்னு தெரியும்ல?"

"தெரியும்மா. டாக்டரும் இருப்பாருன்னு நம்பித்தான் வந்தோம். வரிசையில வர்றவங்க காதுல எல்லாம் சொல்வாரு, 'எனக்கு நேரா நின்னு வாங்கிக்கோம்மா, முகம் படத்துல விழாம நான் பாத்துக்கறேன்'னு. அன்னைக்குன்னு பாத்து அவரைக் காணோம். ஏம்மா, அவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"