தொண்டை கிழியக் கத்திய காஸ்ட்ரின்

காலை ஆறரைக்கு இருபத்தெட்டாவது மாத்திரை கண்டக்டர் பிலவேந்திரனின் வயிற்றுக்குள் இறங்கி, அமிலக் குழாய்களை மூடியது. அங்கிருந்த புண் நிம்மதியாக ஆறிக்கொண்டிருந்தது. அமிலத்தைக் கூப்பிடுவதே வேலையான காஸ்ட்ரின் என்ற ஹார்மோனுக்குத்தான் மானம் போனது.

“ஒரு மாசமா தொண்டை கிழியக் கத்துறேன். ஒரு சொட்டுகூட மதிக்கல.”

“கத்துங்கண்ணே, யாரு வேணாம்னா,” என்றது மாத்திரை.

வலி நின்றுவிட்டதால் மறுநாள் பிலவேந்திரன் மாத்திரையை விட்டுவிட்டார்.

“அண்ணே, குழாய் திறந்திருச்சு. கொஞ்சம் மெதுவாக் கூப்பிடுங்க. இன்னும் நாலு நாள்ல எனக்கு ஆறிடும்,” என்று கெஞ்சியது புண்.

“மெதுவாப் பேசவே மறந்துபோச்சுடா,” என்ற காஸ்ட்ரின், வழக்கம்போல ஒரு குரல் விட்டது. அமிலம் வெள்ளமாக வந்தது. சந்தோஷத்தில் காஸ்ட்ரினுக்குக் கண் கலங்கிவிட்டது.

“பாத்தியா, நம்ம பேச்சுக்கு இன்னும் மரியாதை இருக்கு.”

புண் மறுபடி வலிக்க, மார்ச் ஒன்பதாம் தேதி பிலவேந்திரனுக்கு டாக்டர் அதே மாத்திரையை மறுபடி எழுதிக் கொடுத்தார்.